நாலாம் நம்பர் டேங்கின் நேர்கோடு

இருநூற்றுப் பதினேழாவது வரிசைக்கு வந்ததும் கோகிலவாணியின் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் சென்னையிலிருந்து நிர்மல் ஜோயல் பேசிக்கொண்டே இருந்தான். புது மென்பொருளை விற்ற கம்பெனியின் ஆள். காலை பத்து மணியிலிருந்து அவன் அங்கே, இவள் இங்கே, பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு வரிசை வரிசையாகச் சரிபார்த்து வருகிறார்கள். அவன் படிப்பான், இவள் ஓகே என்பாள். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. சாப்பாட்டுக்குப் பிறகு இருவருக்குமே குரல் தூங்கிப்போய்விட்டது. "மேடம், அடுத்தது டேங்க் நாலு, டெம்பரேச்சர். டெட்பேண்ட் ரெண்டு டிகிரி. அப்படியே விட்டுடலாமா?" என்றான் நிர்மல். ஓகே என்று சொல்ல வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். அறை மூலையில் ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மணி மூன்று இருபது.

இரண்டு டிகிரியா, இரண்டு டிகிரி எப்படி வரும், அது இரண்டு சதவீதம் அல்லவா, என் கையால் போட்டது எனக்குத் தெரியாதா. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பால் கம்பெனியில் அறுநூற்று நாற்பது சென்சார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை தன் எண்ணைக் கத்திச் சொல்கிறது, எனக்கு நாலு டிகிரி, எனக்கு எழுபத்திரண்டு, என் வால்வு மூடியிருக்கிறது என்று. நடுவில் தபால் ஆபீஸ் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் அதையெல்லாம் வாங்கி, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. கேட்கிறவர்களில் ஒருவர் சும்மா எழுதிவைத்துக்கொண்டே இருப்பவர். அவர்தான் ஹிஸ்டரி சர்வர். அவர் எல்லாவற்றையும் எழுதினால் மூன்றே மாதத்தில் டிஸ்க் நிரம்பிவிடும். அதனால் அவருக்கு ஒரு கட்டளை போடுவார்கள்: கடைசியாக எழுதியதிலிருந்து இவ்வளவு மாறினால் மட்டும் அடுத்ததை எழுது, அதற்குள் எத்தனை ஆடினாலும் பேனாவைத் தொடாதே. அந்த இவ்வளவுக்குத்தான் டெட்பேண்ட் என்று பெயர். பழைய மென்பொருளில் அந்தக் கட்டத்தில் சதவீதமாகப் போடவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கோகிலவாணி அதில் 2 என்று அடித்தாள். நாலு டிகிரி பாலில் இரண்டு சதவீதம் என்றால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ரொம்பத் துல்லியம், போதும் என்று நினைத்தாள். அவள் நினைத்தது அவள் நினைத்தது. பழைய மென்பொருள் நினைத்தது வேறு. காட்டுகிற எண்ணில் இரண்டு சதவீதம் இல்லையாம், அந்தச் சென்சார் மொத்தமாக அளக்கக்கூடிய அளவில் இரண்டு சதவீதமாம். டேங்கைக் கொதிதண்ணீர் விட்டுக் கழுவுவதால் அந்தச் சென்சார் பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் அளக்கும். நூறில் இரண்டு சதவீதம் இரண்டு. ஏழாங்கிளாஸ் கணக்கு. புது மென்பொருளுக்குச் சதவீதம் பிடிக்காது போலிருக்கிறது, அது எல்லாவற்றையும் டிகிரியாக மாற்றி எடுத்துக்கொண்டு, இந்தாம்மா நீ போட்டது இதுதான் என்று நேருக்கு நேராகக் காட்டுகிறது. 2.0.

"மேடம், இருக்கீங்களா?" "இருக்கேனுங்க, ஒரு நிமிஷம், ஒரு போன் வருது," என்று பொய் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள். போன் ஒன்றும் வரவில்லை. நாலு புள்ளி ஒன்றில் இருக்கிற பால் ஆறு புள்ளி ஒன்றைத் தாண்டும் வரைக்கும் சர்வர் ஒரு எழுத்தும் எழுதாது, அது எழுதுகிற எண்ணைப் பார்த்து அடிக்கிற அலாரமும் அதுவரைக்கும் அடிக்காது. ஐந்து டிகிரியைத் தாண்டினாலே பால் கெட ஆரம்பித்துவிடும், இது ஏழாங்கிளாஸ்கூட வேண்டாம், பால்காரருக்குத் தெரியும். நாலு புள்ளி ஐந்தை எழுதாது, ஐந்தை எழுதாது, ஐந்து புள்ளி மூன்றை... வேண்டாம், அங்கே போகவேண்டாம். அவள் மற்ற டேங்குகளைத் திறந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாவற்றிலும் 2.0. அதனால்தான் அந்தக் கோடுகள் அத்தனை அழகாக இருந்தன. எத்தனை வருடம், எத்தனை ஆடிட்டர்கள், வருகிறவர்களெல்லாம் திரையைப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, உங்கள் பால் கல்லு மாதிரி ஒரே டிகிரியில் நிற்கிறதே என்பார்கள். இவளும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். உயிருள்ள எந்தப் பாலாவது சித்திரை மாதத்து ஈரோடு வெயிலில் நாளெல்லாம் நாலு புள்ளி ஒன்றில் நிற்குமா என்று ஒரு நாளாவது யோசித்தாயா, கழுதை. பாராட்டு வந்தால் யார்தான் யோசிக்கிறார்கள். அந்தச் சர்வர் வந்த அன்றைக்கு லட்டு கொடுத்தார்கள். ஷிஃப்ட் மாறும்போது போகிற ஆபரேட்டரும் வருகிற ஆபரேட்டரும் டேங்குக்கு முன்னால் சேர்ந்து நின்று, அதிலிருக்கிற வெப்பமானியின் முள்ளைப் பார்த்து, நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அன்றோடு நின்றது. நிறுத்தச் சொல்லி மேனேஜருக்கு மெயில் போட்டவளே கோகிலவாணிதான். இனிமேல் மெஷின் எழுதிக்கொள்ளும், நோட்டு எதற்கு. லட்டை வாயில் போட்டுக்கொண்டே அவள் அண்ணன் சென்னியப்பன் கேட்டான்: "நோட்டு பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே கண்ணு. கையெழுத்துப் போடறப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே முள்ளப் பாக்கறோம்." அவள் சிரித்தாள். அண்ணனுக்கு நோட்டின் மேல் என்ன பாசமோ என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி வேறு சிரித்தாள்.

அண்ணன்தான் முதலில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவன். டேங்க் ஆபரேட்டர். அவள் டிப்ளமா முடித்துவிட்டு, அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு இங்கே வந்தபோது, என்ற தங்கச்சி இன்ஸ்ட்ருமென்ட்டுங்க என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். அண்ணன் கண் எப்பேர்ப்பட்ட கண். பத்தாவது பரீட்சை முடிவு வந்த அன்று சாயங்காலப் பேப்பரில் எறும்பு ஊர்கிற மாதிரி எண்களைப் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, இருக்குது கண்ணு, பாஸு என்றான். இன்னொருக்கா பாருங்ணா என்றாள். பார்த்தான், இருக்குது. இன்னொருக்கா. அவன் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்தான், ஏழு நாலு இரண்டு பூஜ்யம் என்று, அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் வரைக்கும் படித்தான். இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது. பேப்பர் வாசனைகூட வருகிறது, மண்ணெண்ணெய் கலந்த மாதிரி. இந்த அறையில் அமிலமும் சோடாவும்தான் நாறும், கழுவுகிற நேரம் இது, மூன்று மணிக்கு இரண்டாம் டேங்கைக் கழுவுவார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை. அன்றைக்கும் இதே மாதிரி மத்தியானம். அண்ணன் இரண்டு மணிக்கு வேலைக்கு ஏறினான். காலை ஷிஃப்ட்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நோட்டுத்தான் இல்லையே, யாருக்காக நிற்கவேண்டும். மூன்றே முக்காலுக்கு நாலாம் நம்பர் டேங்கில் அலாரம். பதினைந்தாயிரம் லிட்டர். லேபில் சோதித்தால் பால் தேறவில்லை. மொத்தப் பாலையும் கழிவுநீர்த் தொட்டிக்குத் திறந்துவிட்டார்கள். மத்தியானம் மடியிலிருந்து கறந்த பாலெல்லாம் அப்போதுதான் சொசைட்டிகளிலிருந்து வந்து இறங்குகிறது, இங்கே காலையில் வந்தது நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது. ஆபரேட்டர்கள் சிலர் அதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: நான் ஏறும்போதே அஞ்சு புள்ளி மூணு இருந்தது, காலையிலிருந்தே கூலிங் சரியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன். அப்படி யாரும் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. சரி, மெஷினைக் கேட்போம் என்றார்கள். மெஷினைக் கேட்பது என்றால் கோகிலவாணியைக் கேட்பது.

அவள் கோட்டை எடுத்துக் காட்டினாள். இதைத்தான் அவள் மனசு எட்டு வருடமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனால் இதுவரைக்கும் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அண்ணன் ஏன் அப்படிச் செய்தான், தூங்கிவிட்டானோ, வெந்நீர் வால்வை மாற்றித் திறந்துவிட்டு மறைக்கிறானோ என்ற பக்கமாக. இப்போது மாடு செக்கை எதிர்ப் பக்கமாகச் சுற்றுகிறது. மேனேஜர் அறை, பெரிய தாளில் பிரிண்ட், கையில் பென்சில். காலை ஆறு மணியிலிருந்து மூன்றே முக்கால் வரைக்கும் நாலு புள்ளி ஒன்று, ஒரு நேர்கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. மூன்றே முக்காலுக்குச் செங்குத்தாக ஆறு புள்ளி இரண்டு. யார் பார்த்தாலும் சொல்வார்கள், காலையெல்லாம் பால் நன்றாகத்தான் இருந்தது, இவன் ஷிஃப்ட்டில்தான் திடீரென்று என்னவோ நடந்திருக்கிறது. இவன் வெந்நீரைத் திறந்திருக்கிறான். அண்ணன் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், "மேடம், ரெண்டு மணிக்கே அஞ்சு புள்ளி மூணு இருந்துச்சுங்க மேடம்," என்றான். அவளை மேடம் என்றான். வீட்டில் கண்ணு, இங்கே மேடம், அவள் மரியாதை குறையக்கூடாது என்று. அவள் என்ன சொன்னாள். "கிராஃப்ல நாலு புள்ளி ஒண்ணுதாங்க இருக்குது. மெஷின் பொய் சொல்லாதுங்க." மெஷின் பொய் சொல்லவில்லைதான், அது சும்மா இருந்தது, எழுதாமல் சும்மா இருந்தது, அந்தச் சும்மாவின் மேல் இவள் ஒரு கோட்டை இழுத்துக் காட்டினாள். அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஃபேன் காற்றில் தாளின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது, அவன் கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு அவளை ஒருமுறை பார்த்தான். கோபமாக இல்லை. சண்டை போட்டிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், நீயெல்லாம் ஒரு தங்கச்சியா என்று கேட்டிருக்கலாம், அதெல்லாம் இல்லை. "அப்ப நான்தான் தப்பாப் பாத்துருப்பேனுங்க," என்று சொல்லிவிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டான்.

அதை அவன் அவளுக்காகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வேலையைக் காப்பாற்றுகிறேன், தங்கச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட நெஞ்சு கொஞ்சம் தேறியிருக்கும். அவன் நிஜமாகவே நம்பிவிட்டான். தங்கச்சி போட்ட கோடு தப்பாக இருக்காது, அப்படியானால் தன் கண்தான் தப்பு. வேலை போன மறுவாரமே கோயமுத்தூரில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, கண் நல்லா இருக்குதுங்க, ஒன்றும் வேண்டாம் என்றார். இவன் விடவில்லை, ஈரோட்டில் இன்னொரு டாக்டரிடம் போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். பவரே இல்லாத கண்ணாடி. பெட்ரோல் பங்கில் சேர்ந்தான். மற்றவர்களெல்லாம், ஜீரோ பாத்துக்குங்க சார் என்று ராகமாகச் சொல்லிவிட்டு அடிப்பார்கள். இவன் சொல்லமாட்டான், கேட்பான். "ஜீரோ இருக்குதுங்களா? நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." வண்டிக்காரன் ஆமாம் என்று வாயால் சொல்லும் வரைக்கும் அழுத்தமாட்டான். ஒரு நாள் கோகிலவாணி ஸ்கூட்டரோடு அந்த வரிசையில் நின்றாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அண்ணன் குழாயைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரித்து, "கண்ணு, ஜீரோ இருக்குதா, பாத்துச் சொல்லு," என்றான். இருக்குதுங்ணா என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள், எதற்கு அழுகிறோம் என்று அன்றைக்கு அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த வேலையும் நாலு மாதத்தில் போயிற்று. இப்போது சென்னிமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். அங்கே படிக்க எண்ணே கிடையாது, அதனால் நிம்மதி என்று அவனே சொன்னான். வீட்டில் மட்டும் படுக்கப்போகும் முன் சிலிண்டரை மூடியாயிற்றா, கதவைச் சாத்தியாயிற்றா என்று ஒவ்வொன்றையும் தானே பார்ப்பான், பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வான். அவள் பார்த்தால்தான் பார்த்தது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது நங்கை, அண்ணன் மனைவி சரோஜா, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி இவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "உங்கண்ணன் அவர் கண்ணுல பாத்தத நம்பறதில்ல கோகிலா. நீ அன்னைக்குச் சொன்னதத்தான் இன்னைக்கும் நம்பிட்டிருக்காரு." பொங்கல் பொங்கிற்று. எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். அண்ணன் நங்கையிடம், பொங்கிருச்சில்ல என்று கேட்டான்.

மைக்கை அணைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று. வாளியில் தண்ணீர் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஹெட்செட்டை மாட்டி, மைக்கைப் போட்டு, "சொல்லுங்க நிர்மல்," என்றாள். "மேடம், நான் யோசிச்சுப் பாத்தேன். பாலுக்கு ரெண்டு டிகிரி ரொம்ப ஜாஸ்தி மேடம். யாரோ தெரியாம போட்டுருக்காங்க போல. பாயிண்ட் டூ போட்டு ஓவர்ரைட் பண்ணிடட்டுமா? பழைய சர்வர இன்னைக்கு ஃபார்மட் பண்ணச் சொல்லியிருக்காங்க, அதுல இருக்கறதும் போயிடும். க்ளீனா முடிஞ்சிடும்." யாரோ தெரியாமல் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல பிள்ளை இந்த நிர்மல், எவ்வளவு மெதுவாகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறான், வெளியே போய்விடலாம். ஓகே என்று ஒரு வார்த்தை. இந்த 2 அழிந்துவிடும். போட்ட ஆளின் பெயர், போட்ட தேதி, எல்லாம் அழிந்துவிடும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்குத் தவிர. அவளுக்குத் தெரிந்தால் என்ன, அவள்தான் எட்டு வருடமாக ஒன்றும் தெரியாமலேயே அழுதுகொண்டிருக்கிறாளே, இனிமேல் தெரிந்து அழட்டும். அண்ணன் இப்போது நிம்மதியாக இருக்கிறான், எண் இல்லாத வேலை, சொன்னால் பழைய புண்ணைக் கிளறியது போல் ஆகும். ஆகா, என்ன அக்கறை. அவள் பையன் காலேஜில் சேரப்போகிற வருடம், இப்போது போய் மேனேஜரிடம், நான் போட்ட எண்ணால் ஒரு மனிதனின் வேலை போயிற்று என்று எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும். அதுவும் அக்கறைதான், ஆனால் யார் மேல். அதோடு, சொல்லி என்ன நிரூபிக்க முடியும். அன்றைக்கு இரண்டு மணிக்கு ஐந்து புள்ளி மூன்று இருந்தது என்று எங்கே இருக்கிறது. சர்வரில் இல்லை, எழுதவே இல்லை. நோட்டில் இல்லை, நோட்டே இல்லை. காலை ஷிஃப்ட்காரர் முள்ளைப் பார்க்கவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தால், அந்த எண் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவாகியிருக்கிறது, அண்ணனின் கண்ணில். அதைத்தான் அவள் பென்சிலை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அடித்துவிட்டாள். அவனும் சரி என்று சொல்லிவிட்டான்.

"மேடம்? ஓகேவா?" "வேண்டாங்க," என்றாள். தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இன்னைக்கு எதையும் ஓவர்ரைட் பண்ணாதீங்க. பழைய சர்வரத் தொடாதீங்க. எனக்கு அது அப்படியே வேணும்." "ஏன் மேடம், ஏதாவது ப்ராப்ளமா?" "நான் போட்டதுங்க அது. யாரோ இல்ல. நான்தான்." சரிங்க மேடம், நாளைக்குப் பாத்துக்கலாம் என்றான் நிர்மல். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். திரையைப் பிரிண்ட் எடுத்தாள். மெஷின் தாளைத் துப்புகிற சத்தம் அந்த மேனேஜர் அறைச் சத்தத்தை ஞாபகப்படுத்தியது. மணி மூன்று நாற்பத்தைந்து. அலாரம் அடித்த நேரம். வேண்டுமென்றே பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. மேனேஜருக்கு எழுதுவது எப்படியும் எழுதத்தான் போகிறாள், இன்றோ நாளையோ, வேலை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும், அது இரண்டாவது. அவள் போனை எடுத்து அண்ணன் எண்ணை அழுத்தினாள். எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். அண்ணன் அவள் போனை ஒரு நாளும் எடுக்காமல் இருந்ததில்லை.

"சொல்லு கண்ணு. சாப்டியா?" பின்னால் இரும்பு நாற்காலிகளை அடுக்குகிற சத்தம்.

"சாப்டனுங்ணா. அண்ணா... அன்னைக்கு அந்த நாலாம் நம்பர் டேங்க்கு."

நாற்காலிச் சத்தம் நின்றது. மண்டபத்துக்குள் ஒரு புறா படபடத்துப் பறப்பது போனில் கேட்டது.

"நீங்க பாத்தது சரிதானுங்ணா. என்ற கோடுதான் தப்பு. நான் ஒரு நம்பரத் தப்பாப் போட்டுட்டேன், அதனால மெஷின் காலையிலிருந்து எதையுமே எழுதல. சும்மா கோடு இழுத்துருக்குது. நான் அதப் புடிச்சுட்டு உங்களப் பொய்யாக்கிட்டேன். அன்னைக்கு டேங்கப் பாத்தது நீங்க ஒருத்தர் மட்டுந்தானுங்ணா. வேற யாரும் பாக்கல. மெஷினும் பாக்கல." திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். எட்டு வருடம் சேர்த்துத் திட்டட்டும், கண்ணு என்ற வார்த்தையை விட்டுவிட்டுத் திட்டட்டும்.

அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?" என்றான்.

"நல்லாத்தானுங்ணா இருந்துச்சு."

"அஞ்சு புள்ளி மூணு."

"ஆமாங்ணா."

கண்ணாடியைக் கழற்றுகிறானோ, துடைக்கிறானோ, என்னவோ சின்னதாக ஒரு சத்தம் வந்தது. கோகிலவாணி பிரிண்ட் எடுத்த தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு."

"சொல்லுங்ணா."

"நீ நல்லாப் பாத்தியா? இப்ப உன் முன்னாடி இருக்குதா அது?"

"முன்னாடிதானுங்ணா இருக்குது. டேங்க் நாலு. ரெண்டு டிகிரி."

"ஒருக்கா பாத்துச் சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினேழாவது வரிசை. "பாத்துட்டனுங்ணா. ரெண்டு டிகிரிதான்."

"பக்கத்துல வேற யாராச்சும் இருந்தா அவங்களையும் பாக்கச் சொல்லு கண்ணு," என்றான் அண்ணன். குரல் அவ்வளவு தணிவாக, பங்கில் வண்டிக்காரர்களிடம் கேட்பானே அந்த மாதிரி இருந்தது.

"யாரும் இல்லைங்ணா. நான்தான் இருக்கேன்."

"அப்படியா. அப்ப நீயே இன்னொருக்கா பாத்துச் சொல்லு," என்றான்.

கோகிலவாணி சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்தாள். துடைத்தும் திரை கலங்கலாகத்தான் தெரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையின் மேல் வைத்து, இரண்டு, ஒன்று, ஏழு என்று வரிசை எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.